டேங்க் வேர்த்தால்: பழைய ஏர் கம்ப்ரஸருக்கு ஒரு பொட்டு வெல்டிங் போதுமா?

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப மாமா என்கிட்ட முதல்ல கேட்டது பிளேஸ்மென்ட் பத்தி இல்ல. "மாப்ள, டேங்க் வேர்க்குது. கொஞ்சம் வந்து பாரு" என்றார்.

ஊர் பரமத்தி வேலூர். காவிரிக்கரை, வெத்தலைக் கொடிக்கால், வாழைத்தார், வெல்லம். நாமக்கல்லில் இருந்து கரூருக்கு பைபாஸில் போயிருந்தீங்கன்னா ஊரைப் பார்க்காமலே தாண்டியிருப்பீங்க. மாமா வீட்டை ஒட்டினாப்ல ஒரு தகரக் கொட்டகை போட்டு பஞ்சர், டயர் வேலை, கூடவே கொஞ்சம் ஸ்ப்ரே பெயிண்டிங் பார்க்கிறார். கொட்டகையோட ராஜா அந்த ஏர் கம்ப்ரஸர்தான். 3 எச்.பி. மோட்டார், 220 லிட்டர் டேங்க். நான் எல்.கே.ஜி. படிக்கும்போது வாங்கினது, அப்பவே செகண்ட் ஹேண்ட்.

குனிஞ்சு பார்த்தேன். டேங்க்கோட அடிவயித்துல ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஈரம், சுத்தி துரு. சோப்பு நுரை தடவினா பொடிப்பொடியா குமிழ் வருது. மாமா ரொம்ப சாதாரணமா, "வெல்டர்கிட்டச் சொல்லிட்டேன். சாயங்காலம் வந்து ஒரு பொட்டு வெச்சுட்டா செரியாப் போயிரும்" என்றார்.

எனக்கு வயித்துல புளி கரைச்ச மாதிரி இருந்தது. காரணம், அந்த டேங்க் சாஞ்சு நிக்கிற செவுத்துக்கு அந்தப் பக்கம் அத்தையோட சமையல்கட்டு.

அந்த ஒரு பொட்டைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. நம்மள்ல பாதிப் பேர் வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ இப்படி ஒரு பட்டறை இருக்கும். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பசங்களுக்குச் சொல்லவே வேணாம். லாரி பாடி கட்டுற இடம், போர்வெல் ரிக் நிக்கிற இடம், எங்க பார்த்தாலும் காத்து டேங்க்தான். மெக்கானிக்கல் படிக்காதவங்களும் தைரியமா மேல படிங்க, கணக்கு ரெண்டாம் வருஷ அளவுக்கு மேல போகாது.

உள்ள எப்படித் தண்ணி வந்தது?

மாமாவுக்கு இதுல பெரிய சந்தேகம். "நான் தண்ணியே ஊத்தலியே, காத்து மட்டுந்தானே ஏத்தறோம்?" நியாயமான கேள்வி.

காத்துல எப்பவும் நீராவி இருக்கு. 30 டிகிரி சூட்டுல, 70 சதவீத ஈரப்பதத்துல, ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 21 கிராம் தண்ணி ஆவியா ஒளிஞ்சிருக்கும். கம்ப்ரஸர் அப்படி 11 கன மீட்டர் காத்தை அமுக்கி ஒரு கன மீட்டருக்குள்ள திணிக்குது (மீட்டர்ல 10 பார், நம்ம பஞ்சர் கடை பாஷையில 145 பவுண்டு). அந்த ஒரு கன மீட்டர் எத்தனை அழுத்தத்துல இருந்தாலும் அதே 30 டிகிரியில ஆவியா வெச்சிருக்க முடியுறது சுமார் 30 கிராம்தான். உள்ள வந்ததோ 230 கிராம். மீதி 200 கிராம் டேங்க் சூடு ஆறினதும் தண்ணியா அடியில இறங்கிடும்.

மாமா கம்ப்ரஸர் நிமிஷத்துக்கு 200 லிட்டர் காத்து இழுக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் ஓடினா 48 கன மீட்டர். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல தண்ணி. ஆத்தங்கரை ஊர் வேற. மாமா ட்ரெய்ன் காக்கைத் திறந்தது கடைசியா எப்பன்னு கேட்டேன். "அது இறுகிப் போச்சு மாப்ள, ரொம்ப நாளாச்சு" என்றார். லாரிக்காரங்க தினமும் காலையில ஏர் டேங்க் வால்வை இழுத்துத் தண்ணியை வெளியே விடுறதை மாமா ஆயிரம் தடவை பார்த்திருப்பார். தன் டேங்க்கும் அதே ஜாதிதான்னு தோணல, அவ்வளவுதான்.

இந்தத் தண்ணியோட கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் கலந்து மோர் மாதிரி வெள்ளையா இருக்கும். எண்ணெய் இருக்கேன்னு துரு பிடிக்காம இருந்துடாது. தண்ணி கீழ, எண்ணெய் மேல. மேல அமுக்கி வெச்ச காத்துல ஆக்சிஜனுக்கும் பஞ்சமில்ல. வெளியே பளபளன்னு நீலப் பெயிண்ட் இருக்கும்போதே உள்ள தகடு கரைஞ்சுக்கிட்டே இருக்கும்.

பழுத்த வெள்ளரிப்பழம்

ரெண்டாம் வருஷம் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' கடைசி யூனிட் ஞாபகம் இருக்கா? தின் சிலிண்டர். நான் அதை பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்தவன். மாமா கொட்டகையிலதான் அது எனக்கு முதல் தடவையாப் புரிஞ்சது.

உருளையோட சுத்துவாட்டத்துல வர்ற இழுவிசை: அழுத்தத்தை விட்டத்தால பெருக்கி, தகட்டுத் தடிமனோட ரெண்டு மடங்கால வகுக்கணும். நீளவாட்டத்துல வர்றது அதுல சரியா பாதி. அதாவது டேங்க் எப்பவும் நீளவாக்குல பிளக்கத்தான் பார்க்கும். வெள்ளரிப்பழம் பழுத்தா எப்படி வெடிக்கும்? குறுக்கால வெடிச்சுப் பார்த்திருக்கீங்களா? தலையில இருந்து வால் வரைக்கும் நீளமா வாய் திறக்கும். அதேதான்.

மாமா டேங்க் விட்டம் 450 மி.மீ. அழுத்தம் 10 பார், அதாவது 1 மெகாபாஸ்கல். புதுசுல தகடு 4 மி.மீ. கணக்குப் போட்டா 56 மெகாபாஸ்கல். சாதாரண மைல்ட் ஸ்டீல் சுமார் 250-ல தான் நிரந்தரமா நீள ஆரம்பிக்கும். நாலு மடங்குக்கு மேல தாங்கும், கவலையே இல்ல. இப்ப அதே தகடு துருப்பிடிச்சு 1 மி.மீ. ஆயிடுச்சுன்னா? 225. விளிம்புல நிக்குது. பிரஷர் சுவிட்ச் ஒரு நாள் ஒட்டிக்கிட்டு மோட்டார் நிக்காம ஓடினா அன்னைக்குக் கதை முடிஞ்சது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, அதை எந்தப் புத்தகத்துலயும் எனக்கு யாரும் சொல்லித் தரல. படுத்திருக்கிற டேங்க்ல தண்ணி எங்க நிக்கும்? அடியில, தலையில இருந்து வால் வரைக்கும் ஒரே கோடா நிக்கும். துருவும் அதே கோட்டுல பிடிக்கும். எந்தத் திசையில பிளக்கத் துடிக்குதோ, அதே திசையில நாமளே தகட்டைச் சீவிக் கொடுக்கிறோம்.

மாமா இதுக்கு நல்ல பதில் ஒண்ணு வெச்சிருந்தார். "ஓட்டை விழுந்தா புஸ்ஸுன்னு காத்துதான் போகும். வெடிக்காது. இத்தன வருசத்துல வெடிச்சுதா?" அவர் சொல்றது முழுக்கத் தப்பும் இல்ல. துரு ஒரே புள்ளியில குழி பறிச்சா, சுத்தி இருக்கிற தடிச்ச தகடு சுமையைப் பங்கு போட்டுக்கும்; அந்தக் குழி மட்டும் ஓட்டையாகி காத்து கசியும். பல டேங்க் அப்படித்தான் சாகுது, யாருக்கும் காயமில்லாம. ஆனா துரு கோடா போயிருந்தா பங்கு போட்டுக்க பக்கத்துல ஆளில்ல. ஓட்டையில ஆரம்பிச்ச கிழிசல் நிக்காது. வெளியே இருந்து பார்த்தா ரெண்டுக்கும் அடையாளம் ஒண்ணுதான்: ஒரு ரூபாய் காசு அளவு ஈரம்.

அடைச்சு வெச்ச காத்து எவ்வளவு கோபக்காரன்?

220 லிட்டர் டேங்க்ல 10 பார் காத்து நிறைஞ்சிருக்கும்போது, அது திடீர்னு விரிஞ்சா வெளிவர்ற ஆற்றல் சுமார் 300 கிலோஜூல். எண்ணாச் சொன்னா உறைக்காது. ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்துல வந்து மோதுற ஆற்றல் அது. டேங்க்கோட ஒவ்வொரு மூடி மேலயும் காத்து தள்ளுற விசை கிட்டத்தட்ட 16 டன் எடைக்குச் சமம், லோடு ஏத்தின ஆறு சக்கர லாரி ஒண்ணு சாஞ்சு தள்ளுற மாதிரி.

இப்ப அதே டேங்க்ல காத்துக்குப் பதில் தண்ணியை நிரப்பி 13 பார் அழுத்தினா, தண்ணிக்குள்ள சேர்ற ஆற்றல் வெறும் 85 ஜூல். பத்து கிலோ அரிசிப் பையை இடுப்பு உயரத்துல இருந்து கீழ போட்டா வர்ற அளவு. மூவாயிரம் மடங்குக்கு மேல வித்தியாசம். தண்ணி அமுங்காது, அதனால விரியவும் தெரியாது. டேங்க் கிழிஞ்சா தண்ணி பீய்ச்சும், கால் நனையும். டேங்க்கை சோதிக்க எப்பவும் தண்ணி, ஒருநாளும் காத்து இல்லைன்னு சொல்றதுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம்.

அத்தை எங்க சண்டையை ரொம்ப நேரமா வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஃபார்முலா எதுலயும் அவங்களுக்கு ஆர்வமில்ல. ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ஏங்கண்ணு, அது வெடிச்சா எந்தப் பக்கம் போகும்?"

சொன்னேன். அடி பிளந்தா டேங்க் மேல எகிறும், கூரை போகும். மூடி பிய்ஞ்சா மூடி ஒரு பக்கமும் டேங்க் எதிர்ப் பக்கமும் ராக்கெட் மாதிரி போகும். மூடி பார்த்துக்கிட்டிருந்த பக்கம் சமையல்கட்டு. அத்தை மாமாவைப் பார்த்தாங்க. சாயங்காலம் வந்த வெல்டர் டீ குடிச்சுட்டுத் திரும்பிப் போனார்.

வெல்டர் மேல தப்பில்ல

அவர் நல்ல வேலைக்காரர். கேட் வெச்சா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். பிரச்சினை அவர் கையில இல்ல, தகட்டுல. ஓட்டை விழுந்த இடத்தைச் சுத்தி தகடு ஏற்கனவே பப்படம். அதுமேல ராடை வெச்சா ஓட்டை பெருசாகும். அதை மூட இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போகும். கடைசியில மெல்லிசு தகட்டு நடுவுல ஒரு தடிச்ச கட்டி. அழுத்தம் ஏறி இறங்குற ஒவ்வொரு தடவையும் டேங்க் மூச்சு விடுற மாதிரி விரிஞ்சு சுருங்கும். கட்டி விரியாது, அதன் ஓரம்தான் எல்லா இழுப்பையும் வாங்கும். விரிசல் அங்க பிறக்கும். அதுபோக, கம்ப்ரஸர் டேங்க்குள்ள எண்ணெய்ப் படிவு இருக்கும், மூடின பாத்திரத்துல எண்ணெய் ஆவியை வெல்டிங் சூட்டுல காய்ச்சறது அதுவே தனி ஆபத்து.

எம்-சீல், ஃபைபர் துணி, ரப்பர் வெச்சு கிளிப் போட்டு இறுக்கறது, இதெல்லாம் அதைவிட மோசம். தகடு பலமாகல, எச்சரிக்கை மட்டும் வாயடைச்சுப் போச்சு. கசிவுங்கிறது அந்த டேங்க் நமக்குக் கொடுத்த கடைசி நோட்டீஸ். அதை ஒட்டி மூடறதுல எனக்கு உடன்பாடே இல்ல.

பிரஷர் டேங்க்ல வெல்டிங் ரிப்பேரே கூடாதுன்னு இல்ல. பெரிய ஆலைகள்ல பண்றாங்க: சான்று பெற்ற வெல்டர், எழுதி ஒப்புதல் வாங்கின முறை, எக்ஸ்-ரே மாதிரி சோதனை, அப்புறம் தண்ணி அழுத்தம், ஒரு இன்ஸ்பெக்டர் கையெழுத்து. 220 லிட்டர் டேங்க்குக்கு அத்தனையும் பண்ற செலவுல புது டேங்க் வாங்கிடலாம்.

இன்ஸ்பெக்டர்னு சொன்னதும் மாமா சிரிச்சார். அவர் சிரிச்சது சரிதான். நீராவி பாய்லருக்கு நம்ம நாட்டுல 1923-லயே தனிச் சட்டம் வந்துடுச்சு, ஆனா காத்து டேங்க் பாய்லர் இல்ல. 2016-ல வந்த பிரஷர் வெசல் விதிகள் 1000 லிட்டர் கொள்ளளவைத் தாண்டின பாத்திரங்களைப் பத்திப் பேசுது. 1948-ம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டத்துல 31-வது பிரிவு அழுத்தத்துல ஓடுற எந்திரங்களுக்குன்னே இருந்தது. ஆனா அந்தச் சட்டத்துல 'தொழிற்சாலை'ன்னு பேர் வாங்கவே, கரண்ட் இருக்கிற இடத்துல குறைஞ்சது பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டியிருந்தது. மாமா கடையில மாமாவும் இன்னொரு அண்ணனும். மூணு வலையிலயும் சிக்காத மீன் இது. யாரும் வந்து பார்க்க மாட்டாங்க.

பாய்லருக்கு மட்டும் ஏன் அவ்வளவு சட்டம்? நிறைய பேர் செத்ததால. அமெரிக்காவுல பிராக்டன்கிற ஊர்ல குரோவர் ஷூ ஃபேக்டரி. 1905 மார்ச் 20-ம் தேதி அங்க பாய்லர் வெடிச்சு 58 பேர் செத்தாங்க. வெடிச்சது புது பாய்லர் இல்ல, ஸ்பேருக்குன்னு வெச்சிருந்த பழசு. புதுசு பராமரிப்புல இருந்த அன்னைக்குப் பழசை ஓட்டியிருக்காங்க. அதுக்கப்புறம்தான் அந்த மாநிலம் சட்டம் போட்டது, 1914-ல ஏ.எஸ்.எம்.இ. தன்னோட முதல் பாய்லர் கோடை உருவாக்கினது. நாம டிசைன் டேட்டா புக்ல புரட்டுற பிரஷர் வெசல் கணக்குக்கெல்லாம் அதுதான் தாத்தா. நான் இதை மாமாவுக்குச் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. அவர் அடுத்த திட்டம், "செரி, புதுசு வாங்கறேன். பழசை ஸ்பேரா ஓரமா வெச்சுக்கறேன்."

எதை ரிப்பேர் பண்ணலாம், எதைத் தொடக்கூடாது

காத்து கசியுற டேங்க் எல்லாம் சாகப்போற டேங்க் இல்ல. சோப்பு நுரை வெச்சு எங்க குமிழ் வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. மரை போட்ட இணைப்பு, ட்ரெய்ன் காக், கேஜ், பிரஷர் சுவிட்ச், மோட்டார் நின்னதும் சுவிட்ச் பக்கத்துல 'ஸ்ஸ்'னு விடாம காத்து வர வைக்கிற நான்-ரிட்டர்ன் வால்வ், இதெல்லாம் தாராளமா நீங்களே மாத்தலாம். மோட்டார் பிளக்கைப் பிடுங்கி, காத்து முழுசும் இறக்கி, கேஜ் ஜீரோ காட்டுதான்னு பார்த்து, அப்பவும் நம்பாம ட்ரெய்னைத் திறந்து வெச்சுட்டு ஸ்பேனரை எடுங்க. கேஜ் முள் ஜீரோவுல ஒட்டிக்கிட்டு இருக்கிற டேங்க்கையும் நான் பார்த்துட்டேன். குமிழ் தகட்டுலயோ, வெல்டிங் கோட்டுலயோ, கால் ஒட்டின இடத்துலயோ வந்தா, ஸ்பேனரைக் கீழ வெச்சுடுங்க. அந்த டேங்க் முடிஞ்சது.

கசியவே இல்ல, ஆனா வயசாயிடுச்சு, இன்னும் ஓட்டலாமா? இந்தக் கேள்விக்குத்தான் அளவு வேணும். அல்ட்ராசோனிக் தடிமன் மானின்னு கையளவு கருவி இருக்கு. டாக்டர் ஸ்கேன் பண்ற மாதிரி ஜெல் தடவி தகட்டு மேல வெச்சா ஒலி உள்ள போய் மறுபக்கம் பட்டுத் திரும்புற நேரத்தை வெச்சு தடிமன் சொல்லும். இரும்புல ஒலி வேகம் விநாடிக்கு சுமார் 5900 மீட்டர், 4 மி.மீ. தகட்டுல போயிட்டு வர ஒரு விநாடியில பத்து லட்சத்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல. உங்க காலேஜ் லேப்ல தூங்கிக்கிட்டு இருக்க வாய்ப்பு உண்டு, போய்க் கேளுங்க. பெயிண்டைச் சுரண்டி, மேல நாலு இடம், பக்கவாட்டுல நாலு இடம், அடிக்கோட்டுல விரல்கடை இடைவெளியில வரிசையா, ட்ரெய்னைச் சுத்தி, கால் பக்கத்துலன்னு எடுக்கணும். டேங்க்ல காத்து இருக்கக்கூடாது. அடிக்கோட்டு அளவு மேல் அளவைவிட நல்லா குறைஞ்சிருந்தா மேற்கொண்டு சோதிக்கவே வேணாம்.

மாமா டேங்க்கைப் பொறுத்தவரை தீர்ப்பு முன்னாடியே சொல்லியாச்சு. ஆனாலும் ஆசைக்கு அடுத்த வாரம் லேப் கருவியைக் கேட்டு வாங்கிட்டுப் போய் எடுத்தேன். மேல 3.9. பக்கவாட்டுல 3.8. அடியில 1.6, 1.4, 1.3. ஓட்டைக்குப் பக்கத்துல கருவி எண்ணே காட்டல, அதால அளக்க முடியாத அளவுக்கு மெல்லிசு.

தடிமன் நல்லா இருக்கிற பழைய டேங்க்குக்குத்தான் தண்ணி அழுத்தச் சோதனை. கம்ப்ரஸர் பைப், சுவிட்ச், சேஃப்டி வால்வ் எல்லாத்தையும் கழட்டி அடைப்பான் போடுங்க. உச்சியில ஒரு துளை மட்டும் திறந்திருக்க, தண்ணி வழியுற வரைக்கும் நிரப்புங்க. இதுல சோம்பேறித்தனம் கூடாது. மேல ஒரு சொம்பு அளவு காத்து மாட்டிக்கிட்டாலும் நாம தண்ணிக்கு மாறினதோட பயன் குறைஞ்சுபோகும். அப்புறம் பிளம்பர்கள் பைப்லைன் சோதிக்க வெச்சிருக்கிற கை பம்ப்பால அழுத்தத்தைப் படிப்படியா ஏத்தி, பெயர்ப்பலகையில போட்டிருக்கிற வேலை அழுத்தத்தைப் போல 1.3 மடங்குல நிறுத்தி, அரை மணி நேரம் தள்ளி நின்னு பாருங்க. முள் இறங்கக்கூடாது, தகடு வேர்க்கக்கூடாது, எங்கயும் புடைக்கக்கூடாது. முன்னாடியும் பின்னாடியும் டேங்க் சுத்தளவை டேப்பால எடுத்து வெச்சா, இறக்கின பிறகும் பெருத்தே இருக்கான்னு தெரியும். பெருத்திருந்தா வேணாம். பெயர்ப்பலகையே இல்லாத டேங்க்குக்கு 1.3-ஐ எதால பெருக்கறதுன்னு கேட்டா, பெருக்க வேணாம், எடைக்குப் போட்டுடுங்க.

ஹாஸ்டல்ல யூடியூப் பார்த்துட்டு ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரோட பழைய கேஸ் சிலிண்டரை இணைச்சு 'மினி கம்ப்ரஸர்' பண்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு எல்.பி.ஜி. சிலிண்டர் உங்க சொத்தே இல்ல, எண்ணெய் நிறுவனத்தோடது. அதை அறுக்கறதும் துளைக்கறதும் குற்றம், உள்ள ஒட்டியிருக்கிற கேஸ் வேற. ஏ.சி. கேஸ் வர்ற மெல்லிசு டப்பா ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியறதுக்குன்னே பண்ணினது. லாரி பிரேக் ஏர் டேங்க் உண்மையிலேயே காத்துக்காகப் பண்ணினதுதான், ஆனா பழைய இரும்புக் கடையில கிடைக்கிறது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஆடி, எந்த மோதல்ல அடி வாங்கினதுன்னு யாருக்குத் தெரியும்? சிலிண்டர் மாதிரி உருண்டையா இருக்கிறதெல்லாம் டேங்க் ஆகிடாது.

புதுசு

புது டேங்க்குக்குக் கடைக்காரர் சொன்ன விலை பதினெட்டாயிரம். பொங்கல் முடிஞ்சு வண்டி வாசல்ல வரிசையா நிக்கிற நேரம், மூணு நாள் காத்து வேலை எதுவும் ஓடல. மாமா என்கிட்ட மூணு நாளும் சரியா பேசல. அத்தைதான் சீட்டுப் பணத்துல இருந்து எடுத்துக் கொடுத்தாங்க.

வாங்கும்போது பார்க்க வேண்டியது விலைச் சீட்டு இல்ல, பெயர்ப்பலகை. தயாரிப்பாளர் பேர், வரிசை எண், வருஷம், கொள்ளளவு, வேலை அழுத்தம், சோதனை அழுத்தம் இத்தனையும் பொறிச்சிருக்கணும், சோதனைச் சான்றிதழ் கையில வாங்கணும். காத்து டேங்க்குக்குன்னே ஐ.எஸ். 7938 என்று இந்தியத் தரநிலை இருக்கு; அதைச் சொல்லிக் கேட்டாலே கடைக்காரர் உங்களை வேற மாதிரி பார்ப்பார். இடம் அடக்கமா இருந்தா நிக்கிற டேங்க் வாங்குங்க, தண்ணி நீளக் கோடா நிக்காம அடிக் கிண்ணத்துல மட்டும் சேரும். படுத்த டேங்க்னா ட்ரெய்ன் பக்கம் ஒரு விரல்கடை சரிவா வைங்க.

பழைய டேங்க்ல இருந்து சேஃப்டி வால்வைக் கழட்டி புதுசுல மாட்டிடலாம்னு மாமா பார்த்தார். அதோட வளையத்தை இழுத்துப் பார்த்தேன், அசையவே இல்ல. துருப்பிடிச்சு ஒட்டிப் போயிருந்தது. எத்தனை வருஷமா அந்த டேங்க் பிரஷர் சுவிட்ச் ஒண்ணை மட்டும் நம்பி ஓடியிருக்குன்னு நினைச்சா இப்பவும் எனக்கு உடம்பு சில்லுங்குது. குக்கர்ல வெயிட் அடைச்சுக்கிட்டா சேஃப்டி வால்வ் போகும். சேஃப்டி வால்வையும் அடைச்ச குக்கரை அடுப்புல வைப்பீங்களா? வால்வ் திறக்கிற அழுத்தம் பெயர்ப்பலகை அழுத்தத்தைத் தாண்டக்கூடாது. மோட்டார் நிக்காம ஓடினாலும் அத்தனை காத்தையும் வெளியே தள்ளுற அளவுக்குப் பெருசா இருக்கணும். டேங்க்குக்கும் அதுக்கும் நடுவுல எந்தக் குழாய் வால்வும் கூடாது. மாசம் ஒரு தடவை, காத்து ஏறியிருக்கும்போது, கண்ணாடி போட்டுக்கிட்டு வளையத்தை இழுத்துப் பார்க்கணும்.

கால்களுக்கு அடியில ரப்பர் வெச்சோம். ஆடிக்கிட்டே இருந்தா கால் வெல்டிங்ல விரிசல் வரும். இறுகின ட்ரெய்ன் காக்குக்குக் குனிய வேண்டிய தொல்லையே வேணாம்னு, அடியில இருந்து ஒரு பைப் இழுத்து கொட்டகை வாசல்ல பால் வால்வ் வெச்சாச்சு. கடை மூடும்போது திறக்கறது இப்ப மாமா வேலை. டேங்க்கை சமையல்கட்டுச் செவுத்துல இருந்து எடுத்து எதிர் மூலைக்குக் கொண்டுபோனோம், மூடி தெருவையும் வீட்டையும் பார்க்காம காலி மனையைப் பார்க்கிற மாதிரி.

பழசு என்னாச்சு? ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் நாலாயிரத்துக்குக் கேட்டார், "நான் பொட்டு வெச்சுக்கறேன்"னு. அவருக்கும் வீடு இருக்குமில்லையான்னு அத்தை கேட்டாங்க. எடைக்குப் போட்டாலும் அது அப்படியே இன்னொரு பட்டறைக்குத்தான் போகும். அதனால போடறதுக்கு முன்னாடி இனி யாரும் காத்து ஏத்த முடியாதபடி பண்ணிடணும். எண்ணெய் போக சோப்புத் தண்ணி விட்டு ரெண்டு தடவை கழுவி, வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி, மேல பெரிய டிரில்லால வரிசையா துளை போட்டோம். அப்புறம் தண்ணியை இறக்கிட்டு, எல்லா வாயும் திறந்திருக்க, நீளவாக்குல ரெண்டா அறுத்தோம். கேஸ் கட்டர் பக்கமே போகல.

மேல்பாதி இப்ப மாட்டுக்குத் தண்ணித் தொட்டி. கீழ்ப்பாதியை மாமா எடைக்குப் போடல. துருவைச் சுரண்டிட்டு, ஓட்டை பக்கத்துல தகட்டைக் கட்டை விரலால அமுக்கிப் பார்த்தார். உள்ள போச்சு. அதைக் கொட்டகை வாசல்ல சாத்தி வெச்சிருக்கார். காத்தடிக்க வர்ற டிரைவருங்க என்னதுன்னு கேட்டா, கட்டை விரலை வெச்சு அமுக்கச் சொல்றார்.